அடித்துக் காட்டும் விலை உண்மையா?

499 ரூபாய் என்பது 500தான் என்று அறியாதவர் யாருமில்லை. ஆனாலும் அந்த விலை நம்மை வாங்க வைக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர்கள் எரிக் ஆண்டர்சனும் டங்கன் சிமெஸ்டரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வுக்காக, தபால்வழி விற்பனைப் பட்டியல்களில் ஒரே உடைக்கு 34, 39, 44 டாலர் என வெவ்வேறு விலைகள் அச்சிடப்பட்டன. அதிகம் விற்றது 39 டாலருக்குத்தான். ஐந்து டாலர் மலிவான 34கூட அதை எட்டவில்லை. மலிவைத் தேடித்தான் வாங்குகிறோம் என்ற நம் நம்பிக்கையை இந்த ஒரு முடிவே அசைத்துவிடுகிறது.

வாங்குபவர் விழிப்பாக இருந்தால் நேர்மையான கடை தானாக வெல்லும் என்பார்கள். அமெரிக்காவின் ஜேசி பென்னி நிறுவனம் 2012-ல் ஓயாத தள்ளுபடிகளையும் கூப்பன்களையும் கைவிட்டு, முழு எண்ணில் நேரடி விலை வைத்தது. வேறு குழப்பங்களும் அங்கே இருந்தன, உண்மைதான். ஆனால் அந்த ஆண்டே விற்பனை சுமார் 25 சதவீதம் சரிந்தது. தலைமைச் செயல் அதிகாரி ரான் ஜான்சன் 2013 ஏப்ரலில் பதவி இழந்தார். ஒரு கடை மட்டும் திருந்தினால் அது தோற்கும் என்பதால்தான் எல்லோருக்கும் பொதுவான விதி தேவை. 9-ல் முடியும் விலையைத் தடை செய்ய வேண்டாம். தள்ளுபடியின்போது கோடு போட்டு அடித்துக் காட்டும் பழைய விலையாவது மெய்யாக இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், தள்ளுபடிக்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும். நம் பண்டிகைக்கால விற்பனைக்கும் அந்தக் கட்டாயம் வர வேண்டும்.