பொய் சொல்லும் முள்!

கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் கல்வராயன் மலைப்பாதை. வெள்ளிமலைக்குப் போகிறவர்களுக்கு அதன் வளைவுகள் தெரியும். அந்தப் பாதையில் ஒரு பழைய மோட்டார் கார் இறங்கி வருவதாக வைத்துக் கொள்வோம். வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது என்று பலகை இருக்கிறது. காரின் ஸ்பீடாமீட்டர் முள்ளும் 30-ல் நிற்கிறது. ஓட்டுகிறவர் நிம்மதியாக இருக்கிறார்.

ஆனால் கார் போவது 48 கிலோமீட்டர் வேகத்தில்!

பலகை சொல்வது கிலோமீட்டர். முள் காட்டுவது மைல். நம் நாட்டில் மெட்ரிக் முறை 1958-ல்தான் அமுலுக்கு வரத் தொடங்கியது. அதற்கு முன்பு இங்கே ஓடிய இங்கிலாந்து, அமெரிக்கக் கார்களில் மைல் மீட்டர்தான். அதுவாவது முகத்தில் எழுதி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொய் ஒன்றும் உண்டு.

பழைய காரின் மீட்டர் கெட்டுப் போனால் என்ன செய்கிறார்கள்? சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய சாமான் கடைகளைத் தேடுகிறார்கள். ஓட்டைக்குப் பொருந்துகிற மீட்டர் கிடைத்தால் வாங்கி மாட்டி விடுகிறார்கள். முள் ஆடுகிறது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இது பெரிய தவறு.

உள்ளே நடப்பது என்ன?

கியர் பாக்ஸில் இருந்து ஒரு கேபிள் வருகிறது. கார் ஓட, அது சுழல்கிறது. மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தை அது சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் அதைத் தொடுவது இல்லை, தொடாமலே இழுக்கிறது. தலைமயிர் போன்ற ஒரு சுருள் வில் கிண்ணத்தைப் பிடித்து நிறுத்துகிறது. கிண்ணத்தோடு சேர்ந்து முள் நகருகிறது. 1902-ல் ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ட்சே கண்ட வழி இது.

ஒரு மைல் ஓடினால் கேபிள் எத்தனை சுற்று சுற்றும்? இது காருக்குக் கார் மாறும். இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் மீட்டர்களில் அந்தக் கணக்கு முகத்திலேயே, பொடி எழுத்தில் இருக்கும். 1280 என்று இருந்தால், மைலுக்கு 1280 சுற்று. அமெரிக்கக் கார்கள் பலவற்றில் 1000 சுற்று. 1000 சுற்று சுற்றும் காரில் 1280 மீட்டரை மாட்டினால், 64 மைல் வேகத்தில் போகும்போது முள் 50 என்று காட்டும்! கிலோமீட்டர் மீட்டர் என்றால், அந்த எண் கிலோமீட்டருக்கு உரியது. அப்போது 1280-க்குச் சமமானது சுமார் 795.

காரின் கணக்கை வீட்டு வாசலிலேயே பார்த்து விடலாம். கேபிளை மீட்டரில் இருந்து கழற்றி, நுனியில் சிறு அட்டைத் துண்டைச் செருக வேண்டும். சமதரையில் 16 மீட்டர் 9 சென்டிமீட்டர் அளந்து, காரைத் தள்ள வேண்டும். அது ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு. அட்டை 12 சுற்றும் முக்கால் சுற்றுக்குச் சற்று அதிகமும் சுற்றினால், கணக்கு 1280. பிள்ளைகள் தள்ளினால் அவர்களுக்கும் ஒரு வேடிக்கை!

டயரை மாற்றினாலும் கணக்கு மாறும். டயர் பெரிதானால் முள் குறைத்துக் காட்டும். ஜீப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

சரி செய்வது எப்படி?

காந்தத்தின் பலத்தை மாற்றி முள்ளைச் சரி செய்கிறவர்கள் உண்டு. முள் சரியாகும், ஆனால் ஓடிய தூரம் காட்டும் எண் சக்கரங்கள் பழைய பொய்யையே சொல்லும். கேபிளின் நடுவே தகுந்த சிறு பல்சக்கரப் பெட்டியைப் பொருத்துவதே மேல். வேகம், தூரம் இரண்டும் சரியாகும். காரின் பழைய முகமும் அப்படியே இருக்கும்.

"முப்பது வருஷம் ஓட்டியவருக்கு மீட்டர் எதற்கு? இஞ்சின் சத்தம் போதாதா?" என்று கேட்பார்கள். அவருக்குப் போதும். அவர் மகனுக்கும் மருமகனுக்கும்?

சோதிக்கச் செலவு இல்லை. சேலம் - உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை போன்ற நேரான சாலையில் முள்ளை ஒரே இடத்தில் வைத்து ஓட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் கடிகாரம் பார்க்க வேண்டும். 72 வினாடி ஆனால் வேகம் 50 கிலோமீட்டர். 60 வினாடி ஆனால் 60.

மீட்டரை மாற்றினால் இன்னொரு கடமையும் உண்டு. பழைய மீட்டரில் எத்தனை மைல் இருந்தது, எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று எழுதி, காரின் தஸ்தாவேஜுகளோடு வைக்க வேண்டும். காரை விற்கும்போது அந்தக் காகிதத்தையும் கொடுத்து விட வேண்டும்.