ஜன்னலுக்கு உள்ளிருந்து: விமானச் சீட்டும் வாங்கும் தேசமும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மையார் நம்மை நிறுத்தி, "லண்டனிலிருக்கும் மகள் இங்கு வந்து போக நாங்கள் சீட்டு வாங்கினால் லாபமா, அவளே வாங்கினால் லாபமா?" என்று வினவினார். ரயில்வே குமாஸ்தாவிடம் ஆகாய விமானத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று நகைத்தோம். பிறகு நம் குடும்பத்திலேயே இவ்விஷயத்தில் பணம் போனது நினைவுக்கு வந்தது.

நமது ஜன்னலில் இச்சிக்கல் இல்லை. நாகபுரியிலிருந்து சென்னைக்குரிய சீட்டை ஹௌராவில் வாங்கினாலும் மதுரையில் வாங்கினாலும் கட்டணம் ஒன்றே. (2016 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறுகிறது, அது வேறு கதை.) விமானக் கம்பெனிகளோ பிரயாணம் தொடங்கும் தேசத்தைப் பார்த்து, அங்குள்ள போட்டிக்கும் ஜனங்களின் சக்திக்கும் தக்கபடி விலை வைக்கின்றன. ஆகவே சென்னையில் தொடங்கி லண்டன் சென்று திரும்பும் சீட்டும், லண்டனில் தொடங்கிச் சென்னை வந்து திரும்பும் சீட்டும் அதே விமானங்களுக்காயினும் ஒரே விலையாக இருப்பது அரிது.

அம்மையாரின் மகள் புறப்படுவது லண்டனிலிருந்து. நாகபுரியில் பணம் கட்டுவதனால் மட்டும் அது சென்னை விலையாகிவிடாது. பவுனில் கேட்கும் விலையை நம் பாங்கு அட்டையால் செலுத்தினால், பல பாங்குகள் நூற்றுக்கு 2 முதல் 3½ வரை தமக்கென்று சேர்த்துக்கொள்ளும். அதன்மீது வரி வேறு. சில சமயம் சர்க்காரே குறுக்கிடும். அர்ஜென்டீனாவில் 2019 டிசம்பர் முதல் 2024 டிசம்பர் வரை, உள்ளூர்ப் பணத்தில் வாங்கிய வெளிநாட்டு விமானச் சீட்டுக்கு 30 சதவீத வரி இருந்தது.

நிற்க. நம் பெரியப்பா 2023இல் பேரனின் பெயர் சூட்டு விழாவுக்கு லண்டன் செல்ல விரும்பினார். கொழும்பில் தொடங்கி டில்லி வழியாகச் செல்லும் சீட்டு மலிவு என்று யாரோ சொல்ல, அதை வாங்கிவிட்டார். கொழும்புக்குப் போவானேன், டில்லியிலேயே ஏறிக்கொள்வோம் என்பது அவர் கணக்கு. ரயிலில் முன்கூட்டியே தெரிவித்தால் வழியிலுள்ள நிலையத்தில் ஏறலாமல்லவா? விமானத்தில் அப்படியில்லை. முதற்பகுதியில் ஏறாததால், திரும்பும் பிரயாணம் உட்பட யாவும் ரத்து என்று டில்லியில் கூறிவிட்டார்கள். அங்கேயே புதுச் சீட்டு வாங்கிப் போய்ச் சேருமுன் விழா முடிந்துவிட்டது. அவரிடம் நாம் முன்பே விசாரித்திருக்கலாம், விசாரிக்கவில்லை.

ஒரே நாளில், ஒரே விமானத்துக்கு, ஒரே அளவு சாமானுக்கு இரு பக்கத்து விலையையும் எடுத்து, பாங்குக் கூலியும் சேர்த்து ரூபாயில் எழுதும்படி அம்மையாரிடம் சொன்னோம். மகளின் பதில் இன்னும் வரவில்லை.