பிளக் நுழைந்தால் போதுமா?

பெரம்பலூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் இப்போது இருபது நாள் குழந்தையோடு இருக்கிறாள். சம்பந்தி வீட்டார் ஆசையாக ஒரு வெந்நீர் ஹீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சுவரில் மாட்டியும் ஆகிவிட்டது. ஆனால் ஹீட்டரின் பிளக் பெரிய பிளக். குளிக்கும் அறைக்கு வெளியே இருப்பதோ சின்ன பாயின்ட். "நுழைய மாட்டேன்" என்று அடம் பிடிக்கிறதாம்.

"கடைக்காரர் ஒரு சின்னக் கட்டையைக் கொடுத்தார். கன்வெர்ஷன் பிளக் என்று பெயர் சொன்னார். ஒரு பக்கம் பெரிய பிளக்கை வாங்கிக்கொள்கிறது. மறு பக்கம் சின்ன பாயின்டில் நுழைகிறது. என் கணவர், 'வேண்டாம், வீட்டுக்காரரைக் கேட்டுப் புது லைன் இழுத்துக்கொள்ளலாம்' என்கிறார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் என் தம்பி மகனோ, 'அத்தை, நாங்கள் ஒரு வீட்டையே இப்படித்தான் மாட்டுகிறோம், பயப்படாதீர்கள்' என்கிறான். யார் சொல்வது சரி?" என்று கேட்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அம்மா. ஆனால் தம்பி மகன் சொல்வது அவனுடைய வீட்டுக்குச் சரி. உங்கள் ஹீட்டருக்குச் சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பால் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயம் அல்ல.

முதலில் அந்த அமெரிக்க வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம். அது சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, குளியலறை, குளிர்சாதனம் எல்லாம் உள்ளேயே இருக்கும். அதை ஓட்டிக்கொண்டோ, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டோ ஊர் ஊராகப் போவார்கள். இரவில் தங்கும் மைதானங்களில் மின்சாரக் கம்பம் இருக்கும். வண்டியிலிருந்து வரும் தடித்த வயரை அதில் மாட்டிக்கொண்டால் வீட்டில் விளக்கு எரியும்.

அங்கே சாதாரணமாக 120 வோல்ட் மின்சாரம். நடுத்தர வண்டிக்கு 30 ஆம்பியர். 120-ஐ 30-ஆல் பெருக்கினால் 3600 வாட். ஆனால் யாராவது ஓர் உறவினர் வீட்டு வாசலில் போய் வண்டியை நிறுத்தினால், அந்த வீட்டுச் சுவரில் இருப்பது 15 ஆம்பியர் பாயின்ட்தான். அதாவது 1800 வாட், சரிபாதி. பிளக்கின் வடிவமும் வேறு. அப்போது அவர்களும் ஒரு கன்வெர்ஷன் கட்டையைத்தான் எடுக்கிறார்கள். சிலவற்றுக்கு இரண்டு பக்கமும் குமிழ் போல் பருத்து, நடுவில் ஒரு முழத்துக்குள் வயர் இருக்கும். பார்ப்பதற்கு நாய் கவ்விய எலும்பு மாதிரி இருப்பதால் 'நாய் எலும்பு' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்!

கட்டையை மாட்டிய பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம். வீட்டம்மாள் கணக்குப் போட ஆரம்பிக்கிறாள். கூரையில் உள்ள குளிர்சாதனம் ஓடுகிறதா? அப்படியானால் மைக்ரோவேவ் அடுப்பைத் தொடக் கூடாது. சமைக்க வேண்டுமா? குளிர்சாதனத்தை நிறுத்து. வெந்நீர் வேண்டுமா? மின்சாரத்தை விட்டு காஸுக்கு மாற்று. சம்பளம் பாதியாகிப்போன மாதத்தில் நாம் சினிமாவை நிறுத்தி, பட்சணத்தைக் குறைத்து, வண்டியை ஓட்டுகிறோம் அல்லவா? அதே சாமர்த்தியம். பல செலவுகள் இருக்கிற குடும்பம் என்பதால் சிலவற்றைத் தள்ளிப்போட முடிகிறது.

உங்கள் ஹீட்டர் குடும்பம் அல்ல. அது ஒரே ஒரு செலவு. பாதி ஹீட்டர் என்று ஒன்று கிடையாது. போட்டால் முழுக்கப் போட வேண்டும். இல்லாவிட்டால் அணைக்க வேண்டும்.

இப்போது நம் ஊர்க் கணக்கு. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். சின்ன பாயின்ட் 6 ஆம்பியர். பெருக்கினால் 1380 வாட். பெரிய பாயின்ட் 16 ஆம்பியர், 3680 வாட். உங்கள் ஹீட்டரின் மேல் 2000 வாட் என்று எழுதியிருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 1380 ரூபாய் வருமானம் உள்ளவன் 2000 ரூபாய் வாடகை வீட்டுக்குக் குடி போனால் என்ன ஆகும்? கடன்தான். மின்சாரத்தில் அந்தக் கடனுக்கு வட்டி, சூடு.

இந்த வட்டி சாதாரண வட்டியும் அல்ல. வயரில் ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு! உங்கள் ஹீட்டர் 6 ஆம்பியருக்கு 8.7 இழுக்கிறபோது சூடு இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. சுவருக்குள் இருக்கிற வயரும், பாயின்டுக்குள் இருக்கிற பித்தளை நாக்கும்தான் அதைத் தாங்கியாக வேண்டும். நாக்கு கொஞ்சம் தளர்ந்திருந்தால் இன்னும் மோசம்.

அரியலூர்ப் பக்கம் போனவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகளைத் தெரியும். ஒரு கிராமத்து வாய்க்கால் பாலம் மாட்டு வண்டிக்குக் கட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்பில் லாரி நுழைகிற அளவுக்கு அகலமாக ஒரு வளைவு கட்டிவிட்டால் பாலம் பலமாகிவிடுமா? லாரி நுழையும், அவ்வளவுதான். கன்வெர்ஷன் கட்டை அந்த வளைவு. அது வடிவத்தை மாற்றுகிறதே தவிர, பலத்தை மாற்றுவதில்லை. பெரிய பிளக்கின் கால்களை வேண்டுமென்றேதான் தடிமனாக, தள்ளித் தள்ளி வைத்தார்கள். "நுழைய மாட்டேன்" என்று அது அடம் பிடிப்பதே நமக்குச் செய்கிற உபகாரம்.

இன்னொரு விஷயம். இந்த மூன்று கால் பிளக் வெள்ளைக்காரர் காலத்து ஏற்பாடு. அப்போது 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று பெயர். இங்கிலாந்தில் 1947-ல் புதிய மாதிரி பிளக்குக்கு விதி எழுதி, ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு சின்ன பியூஸைக் காவலுக்கு வைத்தார்கள். நாம் பழைய மாதிரியையே வைத்துக்கொண்டோம். ஆகவே நம் பிளக்கில் காவல்காரன் கிடையாது. காவல் எல்லாம் மெயின் போர்டில்தான்.

"அதுதான் டிரிப்பர் இருக்கிறதே, ஜாஸ்தியானால் விழுந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். பேஷான கேள்வி. ஆனால் டிரிப்பர் கொஞ்சம் பொறுமைசாலி. ஷார்ட் ஆனால் கண்ணிமைப்பதற்குள் விழும். அளவுக்கு மேல் ஒன்றரை மடங்கைத் தொடுகிற சுமை என்றால், விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. உங்கள் ஹீட்டர் 10 லிட்டர் தண்ணீரைச் சுட வைக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் போதும். டிரிப்பர் யோசித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். பாயின்ட் மட்டும் தினம் கொஞ்சம் கருகிக்கொண்டிருக்கும். "ஒரு மாதமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருப்போம்.

பெருமைப்பட்டவர்களில் என் உறவினர் ஒருவரும் உண்டு. அரியலூருக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு. இன்னும் பீங்கான் பியூஸ் கட்டைதான். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் கூடத்துச் சின்ன பாயின்டில் இதே போல் கட்டையை மாட்டி ஹீட்டரைப் போட்டார்கள். பியூஸ் போயிற்று. கட்டினார்கள், மறுபடியும் போயிற்று. வீட்டு மாப்பிள்ளை கெட்டிக்காரர். பழைய வயரிலிருந்து இரண்டு செம்பு இழையை உருவி முறுக்கிப் பியூஸ் கட்டையில் கட்டினார். அப்புறம் அது போகவே இல்லை. "பார்த்தீர்களா!" என்றார்.

இரவு பதினோரு மணி. ஊரிலிருந்து வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் படுத்திருந்த பாட்டி, "ரப்பர் கருகுகிற வாசனை வருகிறதே" என்றாள். "பட்டாசு வாசனை பாட்டி, தூங்கு" என்றார்கள். சிறிது நேரம் கழித்து மறுபடி சொன்னாள். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு போய் மெயினை இறக்கிவிட்டாள். தீபாவளியும் அதுவுமாக வீட்டை இருட்டாக்கிவிட்டாளே என்று எல்லோருக்கும் கோபம். காலையில் எலக்ட்ரீஷியன் வந்து பாயின்டைக் கழற்றினார். சுவருக்குள் ஒரு சாண் நீளத்துக்கு வயரின் தோல் கரியாகிக் கிடந்தது. அதற்கு மேலே மூங்கிலும் மரச்சட்டமும். பாட்டியின் பக்கத்தில் மூன்று குழந்தைகள் படுத்திருந்தன. மாப்பிள்ளை அன்று இரண்டாவது தடவை எண்ணெய் தேய்த்துக் குளித்தார், வெந்நீர் இல்லாமல்.

பியூஸ் நமக்கு விரோதி அல்ல. அது அடிக்கடி போகிறது என்றால் ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். அதன் வாயைச் செம்பால் அடைக்கக் கூடாது.

அப்படியானால் கன்வெர்ஷன் கட்டையே கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். பெரிய பிளக்கோடு வருகிற எல்லாமே பெருந்தீனிக்காரர்கள் அல்ல. சாமானின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 1000 வாட்டுக்குள் இருந்தால், கட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், மூன்றாவது காலான எர்த் கால் நிஜமாகவே இருந்தால், அவசரத்துக்கு உபயோகிக்கலாம். அந்தச் சமயம் அதே லைனில் இஸ்திரிப் பெட்டியைப் போடாதீர்கள். ஒரு சின்ன லைனில் பல பாயின்ட்கள் சேர்ந்திருப்பது வழக்கம். உபயோகித்த பிறகு ஸ்விட்சை அணைத்து, உலர்ந்த கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், அன்றோடு அந்தக் கட்டைக்கு விடை கொடுத்துவிடுங்கள். வெந்நீர் ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு, ஏ.சி. இவற்றுக்குக் கட்டை வேண்டவே வேண்டாம்.

சகோதரி, உங்கள் கணவர் சொன்ன வழிதான் சரியான வழி. மெயின் போர்டிலிருந்து ஹீட்டருக்கென்று தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி 16 ஆம்பியர் டிரிப்பர், நல்ல எர்த். 3000 வாட் ஹீட்டராக இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடுவது நல்லது. பழைய வயரை அப்படியே வைத்துக்கொண்டு பாயின்டை மட்டும் பெரிதாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதுவும் கன்வெர்ஷன் கட்டைதான். சுவரில் பதித்த கட்டை! கூடவே ஆர்.சி.சி.பி. என்ற சாதனத்தையும் போடச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே அணைத்து உயிரைக் காக்கும். ஆனால் சுமை ஜாஸ்தியானதை அது கவனிக்காது, அதற்கு டிரிப்பர்தான்.

வீட்டுக்காரர் சம்மதித்து, எலக்ட்ரீஷியன் வந்து, லைன் இழுக்க ஒரு வாரம் ஆகலாம். அதுவரை குழந்தைக்கு வெந்நீர்? அமெரிக்காவில் உங்கள் தம்பி மகன் செய்வதையே நீங்களும் செய்யுங்கள்: மின்சாரம் போதாத இடத்தில் வெந்நீரை காஸுக்கு மாற்றுங்கள். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் ஏற்றி, விளாவி, முழங்கையால் சூடு பார்த்துக் குழந்தைக்கு ஊற்றுங்கள். உங்களை உங்கள் அம்மா அப்படித்தானே வளர்த்தாள்?

லைன் வந்த பிறகு ஹீட்டரைப் போடலாம். சம்பந்தி வீட்டார் கேட்டால், "நல்ல நாள் பார்த்துப் போடலாம் என்று இருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வேலையை முடிக்கிற நாள்தான் அதற்கு நல்ல நாள்!