கூட்டிச் செல்பவர் யார்?

சேவைக் கழகங்களுக்கு ஆண்டு பிறப்பது தையிலும் அன்று, சித்திரையிலும் அன்று; யூலை முதலாந் திகதியிலேதான். 1905ஆம் ஆண்டில் சிக்காகோ நகரிலே போல் ஹரிஸ் தொடங்கிய ரோட்டரிக் கழகமும், 1917இல் அதே நகரில் மெல்வின் ஜோன்ஸ் முன்னின்று அமைத்த லயன்ஸ் கழகமும் இந்தக் கணக்கையே கைக்கொள்கின்றன. ஊர்காவற்றுறையில் நாங்கள் நடத்தும் சிறு கழகமும் அதனையே பின்பற்றுகின்றது. தலைமைப் பதவியும் ஓராண்டுக்குத்தான். ஆதலால் யூன் மாதத்தின் கடைசி வாரம் தலைவனாயிருப்பவனுக்குப் பொல்லாத வாரம். ஆண்டறிக்கையில் வெறுமையாய்க் கிடக்கும் பக்கங்களெல்லாம் அவனைப் பார்த்து நகைக்கும்.

நான் தலைவனாயிருந்த ஆண்டின் அந்த ஏழு நாட்களைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றேன். பெருமை பேசுவதற்காக அன்று. அந்த வாரம் எனக்குக் கற்பித்த பாடம், பிறருக்கும் பயன்படக்கூடும் என்பதற்காக.

திங்களன்று ஒரு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் புத்தகப் பைகள் வழங்கினோம். செவ்வாயன்று இரத்ததானம். புதனன்று இளைஞர்களைத் திரட்டி ஒரு குளத்தைத் துப்புரவு செய்தோம். சென்ற ஆண்டும் அதே குளத்தைத் துப்புரவு செய்ததாகக் கூறும் பலகையொன்று, முன்னைய தலைவரின் பெயரைத் தாங்கியபடி கரையிலே சாய்ந்து நின்றது. அதனை நிமிர்த்தி வைத்துவிட்டு அதன் அருகில் எங்கள் பலகையையும் நாட்டினோம். வியாழனன்று குறிகட்டுவான் துறைக்குச் சென்று, நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் படகேற வந்த அடியவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்தோம். இவ்வளவும் செய்து முடித்தபோது, நானும் ஏதோ சாதித்துவிட்டேன் என்றொரு நிறைவு உள்ளத்தில் எழுந்தது உண்மை.

வெள்ளிக்கிழமை சனசமூக நிலைய மண்டபத்தில் கண் பரிசோதனை முகாம். காலை ஏழு மணிக்கே முதியவர்கள் வந்து வாங்குகளில் அமர்ந்துவிட்டார்கள். பரிசோதனை முடிந்து வெளியே வந்த ஓர் ஆச்சியின் கையில், கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்தல் வேண்டும் என்று எழுதிய சீட்டு இருந்தது. அவர் என்னிடம் வந்து, மடியிலிருந்த பொலித்தீன் பையைப் பிரித்து, மடித்து மடித்துப் பழுத்துப்போன வேறொரு சீட்டை எடுத்து நீட்டினார். எங்கள் கழகத்தின் முத்திரைதான். திகதி மட்டும் சென்ற ஆண்டினது.

"தம்பி, போன வருஷமும் உப்பிடித்தான் எழுதித் தந்தவை. இதையும் அதோட சேர்த்து வைக்கட்டோ?" என்றார்.

அவர் குரலில் ஏளனம் சிறிதும் இல்லை. பத்திரமாய் வைத்திருக்க வேண்டிய கடுதாசி என்று எண்ணியே கேட்டார். எனக்கு விடை வரவில்லை.

அரசாங்க வைத்தியசாலையில் இச்சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. ஆச்சியின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து செலவுக்கு அனுப்புகின்றார்கள். பணம் இருந்தது, கைபிடித்துச் செல்ல ஓர் ஆள் இல்லை. வேலணையைத் தாண்டிப் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அங்கே வரிசையில் நின்று இலக்கம் எடுக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் நேரந் தவறாமல் கண்ணுக்கு மருந்து விட வேண்டும். பார்வை மங்கிய முதியவர் தனித்து இவற்றைச் செய்வது எங்ஙனம்? 1990, 1991ஆம் ஆண்டுகளில் இத்தீவுகளைவிட்டுப் பெயர்ந்த குடிகளிற் பலர் திரும்பவேயில்லை. முன்பு அயலில் ஒருவருக்குச் சுகவீனம் என்றால் கூடச்செல்ல நால்வர் இருந்தனர். இன்று அயல் வீடு பூட்டியே கிடக்கின்றது.

இக்குறையை முன்னரே உணர்ந்து வழிகண்டவர்கள் உளர். 1976ஆம் ஆண்டில் மதுரையிலே டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமம் தோறும் முகாம்கள் நடத்தி வருவது. இலவசச் சிகிச்சை என்று சொன்னால் மட்டும் ஏழைகள் வந்துவிடுவதில்லை என்பதை அவர்கள் கண்டார்கள். பஸ் கட்டணமும், சாப்பாடும், துணையும் அல்லவா தடை! ஆகவே, முகாமில் தெரிந்தெடுத்தவர்களைத் தாங்களே வண்டியில் ஏற்றிச் சென்று, உணவளித்து, சிகிச்சை செய்து, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடும் முறையை ஏற்படுத்தினார்கள்.

கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார், 1925இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கூடிய லயன்ஸ் மாநாட்டில் உரையாற்றியபோது, பார்வையற்றோருக்காக இருளை எதிர்த்துப் போர் புரியும் வீரர்களாகுங்கள் என்று வேண்டிக்கொண்டார். கண்பார்வைத் தொண்டை அக்கழகத்தினர் தமக்குரியதாக ஏற்றது அதன் பின்னரே. அவர் வேண்டியது வீரரை. எந்த வீரனும் ஒருநாள் வந்து பாசறை அடித்து, படம் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவதில்லை.

"எல்லோரும் தொழில் பார்ப்பவர்கள். ஒரு முகாமில் நூறு பேரைப் பார்க்கலாம், ஒருவரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றால் ஒருநாள் முழுதும் போய்விடுமே" என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். நியாயமான வாதமே. ஆயினும், நூறு பேரைப் பார்த்து ஒருவருக்கேனும் பார்வை திரும்பாவிட்டால், நாங்கள் செய்தது நூறு சீட்டு எழுதியது மட்டுமன்றோ? முகாம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. முகாமோடு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம் என்றே கூறுகின்றேன்.

என் கருத்து இதுதான். முகாம் பதிவேட்டில் பெயர், வயது, நோய் என்ற நிரல்களுக்கு அப்பால் இன்னொரு நிரல் வேண்டும்: கூட்டிச் செல்பவர் யார்? அந்த இடம் வெறுமையாயிருக்கும்வரை முகாம் முடிந்ததாகக் கொள்ளலாகாது. குளத்துக்கும் அப்படியே, அடுத்த மாரிக்கு முன் அதைப் பார்ப்பவர் யார் என்று எழுதிய பின்னரே பலகை நாட்டல் வேண்டும். இரண்டாவது, யூலை மாதத்தில் புதிய தலைவர் புதுத் திட்டம் எதனையும் தொடங்காது, பழைய தலைவரையும் உடனழைத்துக்கொண்டு, சென்ற ஆண்டின் ஏட்டைப் புரட்டி, விட்ட குறைகளை முடித்தல் வேண்டும். பதவி ஆண்டோடு மாறலாம். நோயாளிக்கு அந்த நாட்காட்டி தெரியாது.

சனிக்கிழமை சோளகக் காற்றில் படகு ஆட ஆட நெடுந்தீவுக்குச் சென்று உலருணவு கொடுத்தோம். ஞாயிறன்று மாலைகளோடு பதவியைக் கையளித்தேன். ஆண்டறிக்கையை வாசித்தபோது மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. எனக்கோ அந்தப் பொலித்தீன் பைதான் கண்முன் நின்றது.

மறுநாட் காலை முதல் பஸ்ஸில் ஆச்சியும் நானும் யாழ்ப்பாணம் சென்றோம். அதன் பின்னர் இன்னும் மூன்று தடவை செல்ல வேண்டியிருந்தது. மருந்து விடும் வேலையைக் கழகத்து இளைஞர் இருவர் முறைவைத்துப் பார்த்தனர். கட்டு அவிழ்த்துச் சில நாட்களின் பின் பார்க்கப் போனேன். முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆச்சி என்னைத் தூரத்திலேயே அடையாளங் கண்டு, இருக்கச் சொல்லித் தேநீர் தந்தார். பின்பு மெல்லக் கேட்டார்:

"மற்றக் கண்ணுக்கு எப்ப, தம்பி?"

புதிய தலைவரின் பதிவேட்டில் ஆச்சியின் பெயரை எழுதினோம். கடைசி நிரலில் என் பெயரை எழுதினேன்.