அசல் புனுகும் போலி ரசனையும்

புனுகு என்றால் கூண்டுப் பூனையிடமிருந்து வழித்தெடுத்த அசலாகவே இருக்கவேண்டும், செயற்கையெல்லாம் போலி என்று வாதிடும் இலக்கிய நண்பர்களுக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறோம். 'நானம்' என்ற பழஞ்சொல்லை அவர்கள் துணைக்கழைப்பார்கள். சொல் தொன்மையானது என்பதால் கூண்டு புனிதமாகிவிடாது.

முதலில் மணத்தை எடைபோடுவோம். நாம் பூசுவது செயற்கைப் புனுகு சேர்ந்த அத்தர். குப்பியைத் திறந்ததும் எழுவது விலங்கு நெடி, முகம் சுளிக்கும். தேனியில் மணிக்கட்டில் ஒரு துளி தடவிக்கொண்டு கம்பம் பேருந்தில் ஏறினால், சின்னமனூர் தாண்டுவதற்குள் உடற்சூட்டில் அந்நெடி இனிமையாகக் கனிந்துவிடுகிறது. மூடி திறந்த கணத்தில் தீர்ப்பளிப்பவர் மணம் அறியார்.

புனுகின் மணத்துக்கு ஆதாரமான சிவெட்டோன், 17 கார்பன் அணுக்கள் கொண்ட வளையம் என்று 1926இல் ருசிக்கா நிறுவினார். 1939இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று அது ஆய்வுக்கூடத்திலேயே உருவாகிறது. அசலின் நுட்பம் முழுவதும் அதில் இல்லை என்பது மெய்யே. அந்தச் சிறு குறையை நிரப்ப ஓர் உயிரை ஆயுள் முழுதும் சிறைவைத்து, வாலடிச் சுரப்பியை வழித்தெடுப்பதா ரசனை? 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர் அது.

மரபைக் காட்டுவோர் மயிலாடுதுறைப் புனுகீசுவரர் கோயில் தலக்கதையை நினைக்கட்டும். அங்கே புனுகுப்பூனை தானே வந்து சிவனை வழிபட்டது. எவரும் பிடித்து வரவில்லை. மேகமலைச் சரிவிலும் அது தன் மணத்தைத் தன் விருப்பப்படி கல்லிலும் மரத்திலும் பூசிச் செல்லட்டும். நமக்கு அத்தர் போதும்.