கொலுமண்டபமும் நோயாளியின் கட்டிலும்

ஓமந்தூரார் தோட்டத்துக் கட்டடத்தில் மீண்டும் சட்டமன்றமே கூட வேண்டும் என்று நம் தோழர்கள் சிலர் இன்னமும் பேசுகிறார்கள். தேநீர்க் கடையில் பேசுகிறார்கள், கூட்டம் கலைந்த பிறகு மேடையோரத்தில் நின்று பேசுகிறார்கள். அவர்தம் உள்ளத்துக் கொதிப்பை நாம் அறிவோம். ஆயினும் சொல்கிறோம்: வேண்டாம், தோழர்களே, வேண்டாம்!

அந்த மண் யாருடையதாக இருந்தது? 1753-ல் மெடீரோஸ் என்னும் போர்ச்சுகீசியக் குடும்பத்திடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய தோட்ட வீடு அது. கோட்டைக்குள் துரைமார்களுக்குப் புழுக்கம். காற்று வாங்க ஒரு மாளிகை வேண்டியிருந்தது! 1799-ல் திப்பு களத்தில் வீழ்ந்தார். கம்பெனி கண்ட வெற்றிகளைக் கொண்டாட 1802-ல் அங்கே விருந்து மண்டபம் எழுந்தது. அன்றைய கவர்னர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மைந்தர். கட்டித் தந்தவர் கோல்டிங்ஹாம். விண்மீன்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த வானநூல் வல்லுநர். கல் சுமந்தவன் யார்? சுண்ணாம்பு அரைத்தவள் யார்? அவர்கள் பெயரை எந்தச் சுவரில் போய்த் தேடுவது!

துரைமார் அமர்ந்து விருந்துண்ட அந்த மண்டபந்தான் பின்னாளில் ராஜாஜி மண்டபம் ஆயிற்று. 1969-ல் அண்ணாவின் உடல் அங்கேதான் வைக்கப்பட்டது. 1975-ல் காமராசர், 1987-ல் எம்.ஜி.ஆர்., 2016-ல் ஜெயலலிதா, 2018-ல் கலைஞர். அழைப்பிதழ் இல்லாதவன் அண்ட முடியாத படிக்கட்டில் செருப்பில்லாத கால்கள் ஏறின, அழுதுகொண்டே ஏறின. தோட்டத்துக்கும் பெயர் மாறிற்று. உழவர் வீட்டுப் பிள்ளையாய்ப் பிறந்து, 1947 முதல் 1949 வரை மாகாணத்தின் முதலமைச்சராய் இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் பெயர் கவர்னர் தோட்டத்துக்கு வந்ததே, அதுவும் சிறு மாறுதல் அன்று.

சட்டமன்றமும் அந்தத் தோட்டத்துக்குப் புதிதல்ல. 1952-ல் உறுப்பினர் தொகை 375. கோட்டை மண்டபத்தில் இடம் போதவில்லை. தோட்டத்திலேயே ஒரு கட்டடம் எழுப்பி 1956 வரை அங்கேதான் கூடினார்கள். ஆந்திரம் பிரிந்தது, மொழிவழி மாநிலம் அமைந்தது, தொகை குறைந்தது. 1957-ல் மன்றம் கோட்டைக்குத் திரும்பிற்று. காலியான கட்டடம் பாலர் அரங்கமாகி, பிறகு கலைவாணர் பெயரைத் தாங்கிற்று. சிரிக்க வைத்தவர் பெயரைச் சட்டமன்றம் இருந்த இடத்துக்கு வைத்ததில் குறும்பு ஏதும் இல்லை என்றே நம்புவோம்!

அப்புறம் வந்தது 2010. பழைய கவர்னர் மாளிகை இடிபட்டது. அந்த இடத்தில் புதிய பெருமாளிகை. மார்ச் 13-ஆம் நாள் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். உச்சிக் கூண்டு முடியவில்லை. திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணி விழாவுக்கென்று ஒரு கூண்டை அமைத்துக் கொடுத்தார். கோட்டையில் நெருக்கடி இருந்தது உண்மை. புது மன்றம் தேவைப்பட்டதும் உண்மை. மறு ஆண்டே ஆட்சி மாறிற்று. சட்டமன்றம் கோட்டைக்கே போயிற்று. கோடி கோடியாய்க் கொட்டிய கட்டடம் பூட்டிக் கிடந்தது. அது யார் பணம்? பீடி வாங்கும்போதும் தீப்பெட்டி வாங்கும்போதும் நாம் கட்டிய வரிப்பணம்! அந்தப் பூட்டைக் கண்டு நாம் குமுறினோம். குமுறியது நியாயமே.

ஆனால் 2014 பிப்ரவரியில் பூட்டுத் திறந்தது, மருத்துவமனையாக. அரசியல் வன்மம் என்றார்கள் இந்தப் பக்கம். ஏழைக்குத் தொண்டு என்றார்கள் அந்தப் பக்கம். எண்ணம் எதுவாயினும் போகட்டும். இன்று அந்தக் கட்டடத்துக்குள் நுழைபவன் யார்? மார்பைப் பிடித்துக்கொண்டு வரும் மூட்டைத் தொழிலாளி. சிறுநீரகம் பழுதான நெசவாளி. மண்டையில் கட்டி என்று ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட, பேருந்தில் இரவெல்லாம் விழித்து வந்த தாய். தனியார் மருத்துவமனையில் முன்பணம் எவ்வளவு என்ற கேள்வியிலேயே பாதி உயிர் போய்விடும் இவர்களுக்கு. இங்கே அந்தக் கேள்வி இல்லை.

2020-ல் கொரோனா வந்தபோது நடந்ததைப் பாருங்கள். மருத்துவமனையில் மூச்சுத் திணறியவர்கள் படுத்திருந்தார்கள். கோட்டை மண்டபத்தில் இடைவெளிவிட்டு அமர இடமில்லை என்று செப்டம்பரில் சட்டமன்றமே இந்தத் தோட்டத்துக்கு வந்து, புதிதாகக் கட்டிய கலைவாணர் அரங்கத்தில் கூடிற்று. ஒரே தோட்டத்தில் இரண்டும் இருந்தன! உறுப்பினர்களுக்கு வேறு மண்டபம் கிடைத்துவிட்டது. நோயாளிக்கு வேறு எங்கே கிடைத்திருக்கும்?

2021-ல் மறுபடி ஆட்சி மாறிற்று. மருத்துவமனை மருத்துவமனையாகவே நீடித்தது. நாம் வரவேற்கிறோம்.

புது மன்றம் வேண்டுமா? கேளுங்கள், நாமும் கூடக் கேட்கிறோம். சென்னையில் அரசுக்கு வேறு நிலமா இல்லை? அங்கே கட்டட்டும், கூண்டோடு கட்டட்டும். அந்தக் கட்டில்களை மட்டும் யாரும் தொட வேண்டாம். தொட வருபவர் எந்தக் கொடி பிடித்து வந்தாலும், நம் கொடியே பிடித்து வந்தாலும், வாசலில் மறிப்போம்.