தங்க முலாமும் தொலைந்த ஒலியும்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தேன். மகன் வாங்கிக் கொடுத்த புதிய தொலைக்காட்சியை ஒப்டிக்கல் கேபிள் மூலம் தமது பழைய அம்ப்ளிபயருடன் இணைத்திருந்தார். செய்தி ஒலித்தது, டிவிடியில் திரைப்படம் போட்டால் மௌனம். கேபிள் பழுது என்றாராம் கடைக்காரர். தங்க முலாம் பூசிய கேபிள் ஒன்றை வாங்கி மாட்டினார். பயனில்லை. இனி அம்ப்ளிபயரையே மாற்ற வேண்டும் என்று கூறிவிட்டார்களாம். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது சிறு செலவன்று.

"மாஸ்டர், செய்தியும் இதே கேபிளாலதானே வருது?" என்று கேட்டேன். சற்று யோசித்தார். "ஓம், அப்ப கேபிள் நல்லாத்தானே இருக்கு!" என்றார்.

உண்மையில் அங்கே பழுதென்று எதுவுமில்லை. ஒப்டிக்கல் கேபிள் வழியே இரு வகை ஒலித்தரவுகள் செல்லலாம். ஒன்று பீ.சீ.எம். எனப்படும் நேரடி வடிவம். மற்றது டொல்பி டிஜிட்டல் போன்ற சுருக்கப்பட்ட வடிவம். இரண்டு ஒலிபெருக்கிகளுக்கான பழைய அம்ப்ளிபயர் முதலாவதை மட்டுமே புரிந்துகொள்ளும். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை பீ.சீ.எம். என மாற்றினேன். படம் பேசத் தொடங்கியது. செலவு ஒரு சதமும் இல்லை.

கேபிள்கள் பழுதடைவதே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஒப்டிக்கல் கேபிளைக் கூர்மையாக மடித்தால் கெட்டுவிடும். முனையிலுள்ள பாதுகாப்பு மூடியைக் கழற்ற மறப்போரும் உண்டு. மறுமுனையைக் கையில் பிடித்தால் சிவப்பு ஒளி தெரியவேண்டும். அதை உற்று நோக்குவது மட்டும் கூடாது. ஒளி வந்தும் ஒலி இல்லையெனில், அம்ப்ளிபயரில் உரிய உள்ளீடு தெரிவாகியுள்ளதா என்று பாருங்கள். அடுத்து ஒலி வடிவத்தைப் பாருங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமல் போய்விடும்.

தோஷிபா நிறுவனம் 1983இல் அறிமுகப்படுத்திய இந்த இணைப்பில் ஓடுவது ஒளி, மின்சாரமன்று. அப்படியிருக்க, அதன் முனையில் தங்கம் எதற்கு? அழகுக்கு மட்டுமே. உலோகக் கம்பியாலான கோஅக்ஷியல் இணைப்புக்கும் 75 ஓம் தரமுள்ள சாதாரண கேபிளே போதுமானது. டிஜிட்டல் இணைப்புப் பழுதானால் ஒலி விட்டுவிட்டு வரும், வெடிக்கும், அல்லது அடியோடு நின்றுபோகும். விலை கூடிய கேபிள் இனிமையைக் கூட்டும் என்ற பேச்சை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

விற்பனை செய்வது வணிகரின் உரிமை. ஆனால் நோயை அறியாமல் மருந்து விற்பது நியாயமாகாது. பத்திரிகைத் தொழிலில் நாங்கள் முதலில் கற்ற பாடம், கேட்டதை உறுதிப்படுத்தாமல் அச்சேற்றாதே என்பதுதான். பணப்பையைத் திறப்பதற்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

மாஸ்டரின் தங்க முலாம் கேபிளைக் கடைக்காரர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். பழைய அம்ப்ளிபயர் மட்டும் தப்பித்துக்கொண்டது.